ஒரே மைக்... ஒரே சர்ச்... ஒரு பேண்ட்!

கல்சுரல்ஸுக்கு இன்னும் பத்தே நாள். ஹாஸ்டல் ரூமில் பேண்ட் பிராக்டீஸ் களைகட்டுகிறது. 'மச்சி, இந்தப் பாட்டை ரெக்கார்டு பண்ணிடலாம்டா' என்று ஒருத்தன் செல்போனை எடுத்து மேஜை மேல் வைக்கிறான். பாடி, வாசித்து முடித்து, எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு ஆவலாகப் போட்டுக் கேட்டால்... டிரம்ஸ் மட்டும் டமால் டுமீல்! பாடினவன் பக்கத்துத் தெருவில் நின்று பாடின மாதிரி இருக்கிறது. பேஸ் கிடார்? ஆளையே காணோம். 'ஒரு மைக்கை வெச்சுக்கிட்டு வேற என்னடா பண்ண முடியும்? நமக்கெல்லாம் ஸ்டுடியோ வேணும்' என்ற பெருமூச்சோடு அன்றைய பிராக்டீஸ் ஓவர்.

ஒரு நிமிஷம் பாஸ்! அந்தப் பெருமூச்சை விடுறதுக்கு முன்னாடி டொரான்டோ வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம். ஏன்னா, நடுவில் ஒரே ஒரு மைக், சுற்றிலும் ஒரு முழு பேண்ட் என்று உட்கார்ந்து ரெக்கார்டு பண்ணின ஒரு ஆல்பம், இசை ரசிகர்கள் இன்னிக்கும் தேடிக் கேட்கிற ஆல்பமாக ஆன கதை அங்கேதான் நடந்தது.

சர்ச்சில் ஒரு பொய்!

1987 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. டொரான்டோ நகரத்தின் நட்டநடுவில், ஈட்டன் சென்டர் என்ற பிரமாண்டமான ஷாப்பிங் மாலை ஒட்டினாற்போல ஒரு பழைய சர்ச். பெயர், சர்ச் ஆஃப் தி ஹோலி டிரினிட்டி. 1847-ல் திறந்தது. உயரமான கூரை. உள்ளே நின்று ஒரு தடவை கை தட்டினால், அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் உலாத்திவிட்டுத்தான் அடங்கும்.

அந்த சர்ச்சை ரெக்கார்டிங்குக்காகக் கேட்டு வந்தது ஒரு பேண்ட். 'நாங்க டிம்மின்ஸ் ஃபேமிலி சிங்கர்ஸ். கனடா ரேடியோவுக்கு கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் நிகழ்ச்சி ரெக்கார்டு பண்ணப் போறோம்' என்று பவ்யமாகச் சொல்லியிருந்தார்கள்.

அது பச்சைப் பொய்! பேண்டின் நிஜப் பெயர் 'கௌபாய் ஜங்கீஸ்'. ஜங்கீஸ் என்றால் போதை அடிமைகள். இந்தப் பெயரைச் சொல்லி சர்ச் சாவியைக் கேட்டால் கொடுப்பார்களா? அதான் இந்த கிறிஸ்துமஸ் வேஷம். ஆனால், 'ஃபேமிலி' என்று சொன்னதில் மட்டும் பொய் இல்லை. பாடகி மார்கோ டிம்மின்ஸ், அவர் அண்ணன் கிடாரிஸ்ட் மைக்கேல், தம்பி டிரம்மர் பீட்டர், இவர்களோடு மைக்கேலின் சின்ன வயசு நண்பர் ஆலன் ஆன்டன் பேஸ் கிடாரில். பேண்ட் அவ்வளவுதான். அன்றைக்கு உதவிக்கு ஹார்மோனிகா, ஃபிடில், அக்கார்டியன், பெடல் ஸ்டீல் கிடார் என்று வாசிக்கத் தெரிந்த நண்பர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இத்தனை பேருக்கும் சேர்த்து ரெக்கார்டிங் இன்ஜினீயர் பீட்டர் மூர் கொண்டுவந்த மைக்குகளின் எண்ணிக்கை... ஒன்று!

இது திடீர்னு வந்த பைத்தியக்காரத்தனம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம், 1986-ல், இதே பேண்ட் தங்களுடைய முதல் ஆல்பத்தை இதே பீட்டர் மூரோடு, இதே மாதிரி ஒற்றை மைக்கில்தான் ரெக்கார்டு செய்திருந்தது. இடம்? அவர்கள் பிராக்டீஸ் பண்ணிக்கொண்டிருந்த வீட்டின் கார் ஷெட்! கார் ஷெட்டில் சரியாக வந்த விஷயம் சர்ச்சில் வருமா என்பதுதான் இப்போது கேள்வி.

காற்றிலேயே மிக்ஸிங்!

கதையைத் தொடர்வதற்கு முன்னால் ஒரு சின்ன கிளாஸ். பயப்படாதீங்க, அட்டெண்டன்ஸ் கிடையாது.

சாதாரணமாக ஸ்டுடியோவில் என்ன நடக்கும்? டிரம்ஸுக்கு மட்டுமே ஏழெட்டு மைக். கிடார் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. பாடகருக்குத் தனி மைக், முடிந்தால் தனி ரூமே. ஒவ்வொன்றும் தனித்தனி டிராக்கில் பதிவாகும். எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, இன்ஜினீயர் சாவகாசமாக உட்கார்ந்து கிடாரைக் குறைப்பார், குரலைக் கூட்டுவார். ஒரு இடத்தில் சுருதி விலகினால், அந்த வரியை மட்டும் திரும்பப் பாட வைப்பார். இதுதான் மிக்ஸிங்.

இந்த முறை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அதே 1987-லேயே ஓர் உதாரணம் உண்டு. அந்த வருஷம் வெளியான, டெஃப் லெப்பர்டு என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் 'ஹிஸ்டீரியா' ஆல்பம் முடிய மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் டிரம்மர் ரிக் ஆலன் கார் விபத்தில் ஒரு கையை இழந்து, மறுபடி வாசிக்கப் பழகின பெரிய சோகமும் இருக்கிறது. ஆனாலும் பாட்டைத் துண்டு துண்டாகச் செதுக்கிச் செதுக்கி அடுக்கின வேலைதான் காலத்தை விழுங்கியது. ஆல்பம் சூப்பர் ஹிட். அந்த வழியும் தப்பு இல்லை.

ஒற்றை மைக் இதற்கு நேர் எதிர். டிரம்ஸ், கிடார், குரல் எல்லாம் மைக்குக்குள் நுழைகிறபோதே ஒன்றாகக் கலந்துதான் நுழைகின்றன. பாயசத்தில் கலந்த சர்க்கரையைப் பிறகு தனியாக எடுக்க முடியுமா? அதே கதைதான். மிக்ஸிங் நடக்கிற இடம் மெஷின் இல்லை, காற்று!

அப்படின்னா சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது எப்படி? நடந்துதான்! திறந்த வெளியில், ஒரு வாத்தியம் மைக்கிலிருந்து இருக்கும் தூரத்தை இரண்டு மடங்காக்கினால், மைக்குக்குப் போய்ச் சேரும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ரூமுக்குள் சுவர் எதிரொலியும் சேர்ந்துகொள்வதால் கணக்கு கொஞ்சம் மாறும். இன்னொரு மாற்றமும் உண்டு. மைக்கை நெருங்க நெருங்க நேரடிச் சத்தம் அதிகம், அதனால் தெளிவு. விலக விலக ரூமின் எதிரொலி அதிகம், அதனால் தூரத்து உணர்வு. பாட்டுக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்பதை முடிவு செய்வது கால்கள்தான்.

ஒரு பெரிய லாபமும் இதில் இருக்கிறது. சத்தம் ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். பத்து மைக் இருந்தால், ஒரே டிரம் அடி பத்து மைக்குகளுக்கும் பத்து வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். எல்லாவற்றையும் சேர்க்கும்போது சில ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். இன்ஜினீயர்கள் 'ஃபேஸ் பிராப்ளம்' என்று தலையைச் சொறிவது இதற்குத்தான். ஒற்றை மைக்கில் இந்தத் தலைவலி கிடையாது. ஒரே காது, ஒரே இடம். நீங்களே அந்த ரூமில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும்.

மார்கோவின் குரல் எங்கே?

சரி, சர்ச்சுக்குத் திரும்புவோம். அன்றைக்கு முதல் பல மணி நேரம் ஒரு பாட்டும் உருப்படியாகத் தேறவில்லை. வாசிக்கிறார்கள், டேப்பைக் கேட்கிறார்கள், உதட்டைப் பிதுக்குகிறார்கள். 'நீ ரெண்டடி பின்னாடி போ', 'ஆம்ப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு' என்று நாற்காலிகள் நகர்கின்றன. மறுபடி முதலிலிருந்து!

பிரச்னை ரெண்டு. ஒன்று, சர்ச்சின் எதிரொலி. வாத்தியங்களின் சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வந்து ஒன்றோடொன்று குழம்பியது. ரெண்டாவது, மார்கோ. அவர் தொண்டை கிழியப் பாடுகிற ஆள் இல்லை. கிட்டத்தட்ட காதோரம் கிசுகிசுக்கிற மாதிரியான குரல். அந்தக் குரலுக்காகத்தான் அந்த பேண்டே. ஆனால், டிரம்ஸும் கிடாரும் இருக்கிற இடத்தில் அந்தக் கிசுகிசுப்பு கரைந்தே போய்விட்டது.

'கொஞ்சம் கத்திப் பாடும்மா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது மார்கோவாக இருந்திருக்காது.

பீட்டர் மூர் வேறு வழி கண்டுபிடித்தார். மார்கோவின் குரலை ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாக வெளியே விட்டு, அந்த ஸ்பீக்கரையும் வட்டத்தில் ஒரு வாத்தியக்காரர் மாதிரி உட்கார வைத்துவிட்டார்! அதாவது, மார்கோ பாடுவதற்குக் கையில் ஒரு மைக் இருந்தது. ஆனால், டேப்புக்குப் போன ஒரே மைக் நடுவில் இருந்ததுதான். அது மார்கோவின் குரலை அந்த ஸ்பீக்கரிலிருந்துதான் கேட்டது. இப்போது குரலின் அளவைத் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். மார்கோ தன் இயல்பிலேயே மெதுவாகப் பாடலாம். மற்றவர்கள் அந்தக் குரலின் உயரத்துக்குத் தங்கள் வாசிப்பைத் தணித்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் பாட்டுகள் ஒவ்வொன்றாக டேப்பில் உட்கார ஆரம்பித்தன. இரண்டே டிராக், நேரடியாக டிஜிட்டல் டேப். பிற்பாடு சேர்த்தது எதுவும் இல்லை, மிக்ஸிங் இல்லை.

'தி டிரினிட்டி செஷன்' என்று பெயர் வைத்து 1988-ல் முதலில் தங்களுடைய சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். அதே வருஷம் ஆர்சிஏ என்ற ஜாம்பவான் கம்பெனி அதை வாங்கி வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனது. அதில் இருந்த 'ஸ்வீட் ஜேன்' பாட்டை (இது 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' பேண்டின் பழைய பாட்டு) 1994-ல் 'நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்திலும் சேர்த்தார்கள். முதல் ரெக்கார்டிங் நடந்து இருபது வருஷம் ஆனதைக் கொண்டாட, அதே சர்ச்சுக்குத் திரும்பிப் போய், வேறு சில பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு அதே பாட்டுகளை மறுபடி பாடி, 2007-ல் ஒரு ஆல்பமும் கொண்டுவந்தார்கள். இந்த முறை கிறிஸ்துமஸ் வேஷம் தேவைப்பட்டிருக்காது!

ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பின்னாடி தள்ளிய குழாய்

இந்த வட்டம் போட்டு உட்காரும் வித்தை ஒன்றும் புதுசு இல்லை. மைக்கே இல்லாத காலத்திலிருந்து இருக்கிறது.

1925 வாக்கில் மின்சார ரெக்கார்டிங் வருகிற வரைக்கும், பெரிய புனல் மாதிரி ஒரு குழாய் இருக்கும். அதன் முன்னால் நின்று பாட வேண்டும். சத்தத்தின் அதிர்விலேயே ஊசி நடுங்கி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மொத்த இசைக்குழுவுக்கும் அந்த ஒரு குழாய்தான்.

1923 ஏப்ரலில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ரிச்மண்ட் என்ற ஊரில் கிங் ஆலிவரின் ஜாஸ் பேண்ட் இப்படித்தான் ரெக்கார்டு செய்தது. இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞரின் பெயர் லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங். அவர் ஊதினால் குருநாதர் கிங் ஆலிவரின் சத்தமே அமுங்கிப் போகிறது. என்ன செய்வது? ஆர்ம்ஸ்ட்ராங்கை மட்டும் தனியாக, தூரமாக ஒரு மூலையில் நிற்கவைத்தார்கள் என்று அதே பேண்டில் பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஜாஸ் உலகத்தையே மாற்றப்போகிற மனிதர், முதல் ரெக்கார்டிங்கில் மூலையில் தனியாக! அடுத்த வருஷம் அதே லில், அவர் மனைவியானது தனிக்கதை.

நம்ம ஊரிலும் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. 1931-ல் வந்த இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வின் காலத்தில் பின்னணிப் பாட்டு என்ற முறையே கிடையாது. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவில் விழாமலும், மைக்கை விட்டு விலகாமலும் எங்கேயாவது ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் ஷாட் போச்சு!

மேடையிலும் இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 'ப்ளூகிராஸ்' என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி பேண்டுகளில், ஐந்தாறு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். பாஞ்சோ தனியாக வாசிக்கும் இடம் வந்தால், அவர் ஓரடி முன்னால் வருவார், பாடினவர் விலகி வழிவிடுவார். ஃபிடில் முறை வந்தால் இவர் பின்னால் நழுவுவார். ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதாமல், கிடாரின் கழுத்து அடுத்தவர் கண்ணில் குத்தாமல் நடக்கிற இந்த நகர்வைப் பார்த்தால் டான்ஸ் மாதிரியே இருக்கும். டெல் மெக்கௌரி பேண்ட், மேடையில் விதவிதமான மைக்குகள் வந்த பிறகும் இதை விடாமல் செய்து பேர் வாங்கியது. ராக் கிடாரிஸ்ட் ஜோ சட்ரியானியின் ஆல்பங்களில் வேலை பார்த்த ஜான் குனிபெர்ட்டி என்ற இன்ஜினீயரும், ஒரே ஸ்டீரியோ மைக்கின் முன்னால் பேண்டுகளை வாசிக்க வைத்து ஒரு வீடியோ வரிசையே எடுத்திருக்கிறார்.

மைக் ஒன்று, காது நாலு!

ஒரு ரகசியத்தையும் சொல்லிடணும். இல்லேன்னா எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பீட்டர் மூர் கொண்டுவந்தது கடையில் கிடைக்கிற சாதா மைக் இல்லை. கால்ரெக் கம்பெனியின் 'ஆம்பிசானிக்' மைக். ஒரே கூட்டுக்குள் நான்கு குட்டி மைக்குகள், நாலு முக்கோண முகங்கள் கொண்ட பிரமிடு மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கும். 1970-களில் இங்கிலாந்தின் மைக்கேல் கெர்ஸான், பீட்டர் கிராவன் இருவரும் யோசித்த ஐடியா இது. சத்தம் இடமா வலமா, முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்று எல்லாத் திசையும் அதில் பதிவாகும். இன்றைக்கு 360 டிகிரி வீடியோக்களிலும் வி.ஆர். ஹெட்செட்டிலும் தலையைத் திருப்பினால் சத்தமும் கூடவே திரும்புகிறதே, அதற்கு அடிப்படை இந்த ஆம்பிசானிக்ஸ்தான்.

ஆனால், அந்த மைக்காலும் ஒரு விஷயத்தை மட்டும் செய்ய முடியாது. கிடார்காரர் அதிகமாக வாசித்துவிட்டால், கிடாரை மட்டும் தனியே குறைக்க முடியாது. அதை கிடார்காரர்தான் செய்ய வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாமே!

அந்த ஹாஸ்டல் ரூம் செல்போனுக்கு வருவோம். சில விஷயங்களைக் கவனித்தாலே ரிசல்ட் மாறிவிடும்.

முதலில் ரூம். காலியான, சதுரமான கான்கிரீட் ரூம் வேண்டாம். துணிமணி, மெத்தை, புத்தக அலமாரி இருக்கிற ரூம் பெட்டர். ஃபேனை நிறுத்துங்க. வியர்க்கும், பரவாயில்லை.

போனை மேஜையில் படுக்கப் போடாதீர்கள். மேஜையில் பட்டுத் திரும்பும் சத்தமும், மேஜையின் அதிர்வும் கூடவே பதிவாகும். ஸ்டாண்டில், பாடுபவரின் முகத்துக்கு நேராக நிறுத்துங்க. ஏரோப்ளேன் மோடில் போடுங்க. இல்லேன்னா நல்ல டேக்கின் நடுவில்தான் அம்மா போன் பண்ணுவாங்க. சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி ரெக்கார்டிங் ஆப்பில் இருந்தால் அணைத்துவிடுங்க. அது இருந்தால், ஒவ்வொரு டிரம் அடிக்கும் பாட்டு உள்ளே போய் வெளியே வரும்.

அடுத்தது இடம். பாடுபவர் போனுக்கு அருகில். அகூஸ்டிக் கிடார் அதற்கு அடுத்து. டிரம்ஸ் கடைசியில், முடிந்தால் குச்சிக்குப் பதில் பிரஷ், அல்லது டிரம்ஸே இல்லாமல் கஹோன். குரல் ரொம்ப மெல்லிசா? மார்கோ டெக்னிக்கைப் போடுங்க. சின்ன ஸ்பீக்கரில் குரலை விட்டு, அதையும் வட்டத்தில் உட்கார வையுங்க.

இப்போ முப்பது செகண்டு மட்டும் வாசித்துப் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்க. எதுவும் பிடிக்கவில்லை என்றால் போனைத் தொடாதீர்கள். ஆளை நகர்த்துங்கள். மறுபடி முப்பது செகண்டு. மறுபடி நகர்த்தல். பத்து தடவை ஆகலாம். அந்த சர்ச்சிலும் பல மணி நேரம் அதுதானே நடந்தது!

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஹெவி மெட்டல் பேண்டை பத்துக்குப் பத்து ரூமில் வைத்து இப்படி முயற்சி செய்தால் காதுதான் போகும். இது எல்லா இசைக்கும் ஆன மருந்து இல்லை.

பின்னாடி போகத் தயாரா?

ஒற்றை மைக்கில் கஷ்டமான வேலை மைக் வைப்பது இல்லை பாஸ். 'மச்சி, நீ கொஞ்சம் பின்னாடி போ' என்று ஒருத்தனிடம் சொல்வது. அதைவிடக் கஷ்டம், அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் பின்னாடி போவது!

தனித்தனி டிராக்கில் வாசிக்கும்போது அவரவர் பகுதி நன்றாக இருந்தால் போதும். பக்கத்தில் இருப்பவன் அமுங்கிப் போகிறானா என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், அதற்கு இன்ஜினீயர் இருக்கிறார். ஒற்றை மைக்கில் அந்த இன்ஜினீயர் வேலை ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோர் தலையிலும் விழுகிறது. நம் வாசிப்பைவிட அடுத்தவன் வாசிப்பை அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒருத்தன் தப்பு பண்ணினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். திட்டலாம். ஆனால், அடுத்த டேக்கில் தப்பு பண்ணப்போவது நாமாகவும் இருக்கலாமே!

எத்தனையோ காலேஜ் பேண்டுகள் உடைந்து போவது திறமை இல்லாமல் இல்லை. 'என் சத்தம் கேட்கலை' என்ற ஒரு வரிச் சண்டையில்தான். அந்த சர்ச்சில் அன்றைக்கு, உரக்க வாசிக்கத் தெரிந்த அத்தனை பேரும், உரக்கப் பாடத் தெரியாத ஒருத்திக்காகத் தங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அத்தனை பேரும் கேட்கிறார்கள்.

இன்னிக்கு சாயங்காலம் பிராக்டீஸ் இருக்கா? போனை ஸ்டாண்டில் நிறுத்துங்க. முதல் டேக்கைக் கேளுங்க. யார் சத்தம் அதிகமோ, அவங்க ஓரடி பின்னாடி போங்க.

அது நீங்களா இருந்தாலும்தான்!